பொழுது சாயுமுன் ஓர் அடை

(தசலட்சணப் பெருவிழாவின் ஆறாம் நாளாகிய உத்தம சம்யமத் திருநாளன்று, தரமணியில் ஓர் இல்லத்தில் கூடிய குடும்பத்தினரிடையே ஆற்றிய உரை)

 

பத்து அறங்களுள் ஆறாவதாகிய சம்யமத்தைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு என்னைப் பணித்தார்கள். சம்யமம் என்றால் அடக்கம். அதனை நம் ஆசாரியர்கள் இரு வகையாகப் பிரித்துள்ளனர். ஐம்பொறிகளையும் மனத்தையும் அடக்குவது இந்திரிய சம்யமம். ஓரறிவுயிர் முதலாக எவ்வுயிர்க்கும் தீங்கு நேராதவாறு ஒழுகுவது பிராணி சம்யமம். இவ்விரண்டும் ஒருங்கே சோதிக்கப்படும் இடம் ஒன்று நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறது. அது சமையலறை. நம் நாவின் விருப்பமும் பிற உயிரின் வாழ்வும் அங்கேதான் நாள்தோறும் எதிரெதிரே நிற்கின்றன. ஆகையால் தத்துவ விளக்கத்தைக் கற்றறிந்த பெரியோர்களுக்கு விட்டுவிட்டு, நான் இன்று காய்கறி அடையைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

சம்யமத் திருநாளில் அடைக்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். காரணம் கூறுகிறேன். இரவில் உண்ணாமை நம் குலத்தின் அடையாளம். வந்தவாசி, ஆரணி, போளூர், திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் உள்ள நம் சிற்றூர்களில், விளக்கு வைக்குமுன் அடுப்பு அணைந்துவிடும். அங்கே பெரும்பாலோர் உழவர். வயலிலிருந்து திரும்பியதும் கை கால் கழுவி, வெளிச்சம் இருக்கும்போதே உண்டுவிட்டு ஜினாலயத்திற்குச் செல்வார்கள். நகரத்திற்கு வந்த பின்னர் அந்த ஒழுங்கு தளர்ந்திருக்கிறது. இவ்விரதத்தை எவரும் வெறுத்து விலக்கிவிடவில்லை. வீடு திரும்ப நேரமாகிறது, பசிக்கிறது, வழியில் கிடைத்ததை உண்கிறோம். விரதம் இவ்வாறு ஓசையின்றி நழுவுகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வாழும் சமணர் அனைவரும் சேர்ந்தே ஒரு லட்சத்திற்கும் குறைவு. அவருள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நாம் ஒரு பகுதியினரே. இத்துணைச் சிறிய சமூகத்தில் ஒரு வழக்கம் ஒரு தலைமுறை காலம் கைவிடப்பட்டால், அடுத்த தலைமுறைக்கு அதனைக் கற்றுக்கொடுக்க ஆள் இராது. ஆகவே, மாலைப் பொழுதில் விரைவில் செய்யத்தக்கதும், நம் விதிகளுக்கு முழுவதும் இசைந்ததும், பிள்ளைகள் விரும்பி உண்பதுமான உணவு எது என்று ஆராய்வது அறப்பணியே ஆகும். அத்தகைய உணவு அடை என்பதே என் கருத்து.

தமிழில் சிராவகர் இல்லத்து அடுக்களையை நம் கண்முன் நிறுத்தும் காட்சி சிலப்பதிகாரத்தில், கொலைக்களக் காதையில் இருக்கிறது. கவுந்தியடிகள் அடைக்கலமாக ஒப்படைத்த கண்ணகியை மாதரி தன் ஆயர் இல்லத்திற்கு அழைத்துச் செல்கிறாள். கோவலன் சாவக நோன்பு உடையவன் என்பதை அவள் அறிவாள். ஆகையால், பகற்பொழுதிலேயே அவன் உண்ணும்படி உணவு சமைக்கத்தக்க நல்ல கலங்களைக் காலந்தாழ்த்தாமல் கொடுங்கள் என்று தன் வீட்டாருக்குக் கூறுகிறாள். ஆய்ச்சியர் கொண்டுவந்து தரும் பொருள்களையும் இளங்கோவடிகள் வரிசையாகச் சொல்கிறார்: பலாக்காய், வரிகளையுடைய வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, சாலி அரிசி, அவற்றுடன் அவர்கள் வீட்டுப் பசுவின் பயன். இந்தப் பட்டியலைச் சற்று ஊன்றிப் பாருங்கள். இதில் ஒரு கிழங்கும் இல்லை. மண்ணைத் தோண்டி எடுத்த பொருள் ஒன்றும் இல்லை. எல்லாம் கொடியிலும் மரத்திலும் வயலிலும் விளைந்தவை. காய் அரிந்து கண்ணகியின் மெல்விரல்கள் சிவந்தன, முகம் வியர்த்தது, கண்கள் சிவந்தன என்றும் காப்பியம் கூறுகிறது. ஆயர் குலத்து மாதரி, தன் வீட்டிற்கு வந்த விருந்தினரின் விரதத்தை இவ்வளவு நுட்பமாக மதித்திருக்கிறாள். அவ்விரதத்திற்கு உரிமையுடைய நாம் அதனை எவ்வளவு மதிக்க வேண்டும்?

இக்காப்பியத்தை 1892ஆம் ஆண்டில் அச்சிட்டு நமக்கு அளித்த உ. வே. சாமிநாதையரின் பெயரால் விளங்கும் நூலகம், இங்கிருந்து தொலைவில் இல்லாத பெசன்ட் நகரில்தான் இருக்கிறது. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1887இல், அவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது கும்பகோணத்துச் சமணப் பெரியோர்கள் அவருக்கு ஐயங்களைத் தெளிவித்து உதவினர். நூலிலுள்ள சமயச் செய்திகளை அவர்கள் விளக்க முடிந்தமைக்குக் காரணம், அவற்றைத் தங்கள் இல்லங்களில் வாழ்ந்து காத்திருந்தமையே ஆகும்.

இனி அடைக்கு வருவோம். அடை என்னும் சொல் பழமையானது. மதுரைக்காஞ்சியிலேயே மெல்லடை என்னும் தின்பண்டம் பேசப்படுகிறது.  நாம் இன்று அடை என்று சொல்வது, அரிசியையும் பருப்புகளையும் ஊறவைத்துக் கரகரப்பாக அரைத்துக் கல்லில் வார்ப்பது. இது நம் நெறிக்கு எவ்வாறு பொருந்துகிறது என்பதை நான்கு வகையில் காட்டலாம்.

முதலாவது, அடை மாவைப் புளிக்கவைக்க வேண்டியதில்லை. இட்லி, தோசை மாவு இரவு முழுவதும் பொங்குவது கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் அதில் கோடிக்கணக்கில் பெருகுவதனால்தான். இன்று நம் இல்லங்கள் பலவற்றில் இட்லி இருக்கிறது. அதனை நான் குறை கூற வரவில்லை. ஆனால் விரத நாள்களிலேனும் அதனைத் தவிர்க்க விரும்புவோருக்கு அடை கைகொடுக்கும். அரைத்தவுடன் வார்க்கலாம்.

இரண்டாவது, சேமித்து வைத்த மாவு இதற்குத் தேவையில்லை. அரைத்த மாவை மழைக்காலத்தில் மூன்று நாள், கோடையில் ஐந்து நாள், குளிர்காலத்தில் ஏழு நாள் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது நம் மரபில் வழங்கும் வரையறை. கடையில் விற்கும் அடை மாவுப் பொட்டலம் மாதக்கணக்கில் அலமாரியில் இருப்பது. அடைக்கு முழு அரிசியையும் பருப்பையும் அன்றன்றே ஊறவைத்து அரைப்பதனால் இவ்வையம் எழாது.

மூன்றாவது, வெங்காயம் இல்லாமலும் சுவைப்பது. அதனைப் பின்னர் விளக்குகிறேன்.

நான்காவது, ஒரே உணவில் வயிறு நிறையும். அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள சத்து பருப்பில் மிகுதி; பருப்பில் குறைவாக உள்ளது அரிசியில் உண்டு. இரண்டும் சேரும்போது ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. மாலையில் இரண்டு அடை உண்ட பிள்ளை இரவில் பசி என்று எழாது. இரவுண்ணாமையைக் காக்க இதைவிட நல்ல துணை வேறென்ன வேண்டும்?

செய்முறையைக் கூறுகிறேன். நால்வர் உண்ணப் போதுமான பத்து அடைக்கு அளவு இது. புழுங்கலரிசி ஒரு டம்ளர், துவரம்பருப்பு அரை டம்ளர், கடலைப்பருப்பு கால் டம்ளர், உளுத்தம்பருப்பும் பாசிப்பருப்பும் இரண்டிரண்டு மேசைக்கரண்டி. முதலில் இவற்றைப் பகல் வெளிச்சத்தில் தட்டில் பரப்பி, வண்டு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மெல்ல அப்புறப்படுத்த வேண்டும். வண்டு வந்தபின் வெயிலில் கொட்டுவது அவற்றிற்குத் துன்பம். வாங்கிய அன்றே பருப்பை வெயிலில் உலர்த்திக் காய்ந்த மிளகாயோடு மூடி வைத்தால் வண்டு அணுகாது. உயிர் தோன்றியபின் அகற்றுவதைவிடத் தோன்றாமல் காப்பதே நம் வழி.

இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டிய நீரில் இரண்டரை மணி நேரம் ஊறினால் போதும். உடைத்த பருப்புகளையே எடுத்துக்கொள்ள வேண்டும். முழுப் பயறு நெடுநேரம் ஊறினால் முளைவிடும். முளைவிட்ட தானியம் நமக்கு விலக்கு. ஊறிய அரிசியோடு ஐந்தாறு காய்ந்த மிளகாய், ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், சிறிது பெருங்காயம் சேர்த்து முதலில் அரிசியைச் சற்று அரைத்து, பின்னர்ப் பருப்பைச் சேர்த்து ரவை போன்ற கரகரப்பில் எடுத்துவிட வேண்டும். நைய அரைத்தால் அடை மொறுமொறுப்பை இழந்து அழுந்திவிடும்.

இப்போது காய்கறி. பிறர் வீட்டு அடையில் வெங்காயம் இரண்டு வேலை செய்கிறது: ஈரம் தருகிறது, மணம் தருகிறது. ஈரத்திற்கு நாம் துருவிய சுரைக்காயைச் சேர்க்கலாம். ஒரு டம்ளர் துருவல் இந்த அளவிற்குச் சரியாக இருக்கும். சுரைக்காய் தானே நீர் விடுவதனால் மாவைக் கெட்டியாகவே அரைக்க வேண்டும். உப்பை வார்ப்பதற்குச் சற்று முன்னர்ச் சேர்க்க வேண்டும். ஒன்றை மறவாதீர்கள். சுரைக்காயில் ஒரு சிறு துண்டைக் கடித்துப் பார்த்துக் கசந்தால் அக்காயை முழுவதும் விலக்கிவிடுங்கள். கசக்கும் சுரை நஞ்சாகும். சுரைக்குப் பதிலாகப் பூசணி, பீர்க்கு, வெள்ளரி ஆகியவற்றையும் துருவிச் சேர்க்கலாம். மெல்லுவதற்குச் சுவை வேண்டுமானால் பொடியாக நறுக்கிய பீன்ஸ், கொத்தவரை, குடைமிளகாய், தேங்காய்ப் பல் ஆகியவை உண்டு. மணத்திற்குப் பெருங்காயமும் மிளகும் சீரகமும் போதும். கோசும் பூக்கோசும் இதழ்களுக்கிடையே புழுக்களை மறைத்து வைத்திருப்பதனால் நம்மில் பலர் அவற்றைத் தொடுவதில்லை. மழைக்காலத்தில் கீரைகளை விலக்குவோரும் உளர். அஷ்டமி, சதுர்த்தசி நாள்களில் பசுங்காய்களை அறவே விலக்குவோர் மிளகு சீரகத்தோடு வெறும் பருப்படையாக வார்க்கலாம், அதுவும் சுவையானதே.

இஞ்சியைப் பற்றி ஒரு சொல். சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் பச்சை இஞ்சியையும் முள்ளங்கியையும் வெண்ணெயையும் வேப்பம்பூவையும் தாழம்பூவையும் விலக்கத்தக்கவையாகக் கூறுகிறார். அவர் காட்டும் காரணம் எளிது: கிடைக்கும் பயன் சிறிது, நேரும் உயிர்க்கேடு பெரிது. எனவே அடைக்கு இஞ்சி வேண்டாம். உலர்ந்த சுக்குப் பொடி ஒரு சிட்டிகை அவ்விடத்தை நிரப்பும்.

அடுப்பைப் பற்றவைக்குமுன் மெல்லிய துணியால் துடைத்து, எறும்பு இருக்கிறதா என்று பாருங்கள். தோசைக்கல் மிதமாகக் காய்ந்ததும் ஒரு கரண்டி மாவை இட்டுக் கனமாகப் பரப்பி, நடுவில் ஒரு துளை செய்து, துளையிலும் சுற்றிலும் எண்ணெய் விட வேண்டும். கனமான அடையின் நடுப்பகுதி வேகுவதற்கு எண்ணெய் அத்துளை வழியாகச் செல்ல வேண்டும், அழகிற்காகச் செய்வதன்று. தீ மிகுந்தால் மேல் கருகி உள் வேகாது. மூன்று நிமிடம் பொறுத்துப் பொன்னிறமானதும் திருப்பிப் போடலாம்.

தொட்டுக்கொள்வதில்தான் பலர் அறியாத நுட்பம் உண்டு. பருப்பு வகைகளைக் காய்ச்சாத பால், தயிர், மோர் ஆகியவற்றோடு கலந்து உண்பதைத் துவிதளம் என்று நம் நூல்கள் விலக்குகின்றன. அடை முழுவதும் பருப்பு. ஆகவே அதற்குத் தயிர் ஆகாது. தயிர் விட்ட அவியலும் ஆகாது. அடைக்கு வெண்ணெய் என்பது ஊர் வழக்கு. வெண்ணெயும் விலக்கு என்று சற்றுமுன் கண்டோம். நமக்கு உருக்கிய நெய் இருக்கிறது, வெல்லம் இருக்கிறது. அவியல் வேண்டுவோர் பூசணி, வாழைக்காய், முருங்கைக்காய், கொத்தவரை ஆகியவற்றை வேகவைத்து, தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும் அரைத்துச் சேர்த்து, தயிரின் புளிப்பிற்கு மாங்காய்த் துண்டு போடலாம்.

அரிசிக்குப் பதில் சாமை, தினை, வரகு ஆகியவற்றையும் இதே அளவில் எடுக்கலாம். இதே தரமணியில் அமைந்துள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கொல்லிமலை உழவர்களிடையே சிறுதானியப் பயிர்களைக் காக்கும் பணியை நெடுங்காலமாகச் செய்து வருகிறது. சாமையில் வார்த்த அடை மென்மையாக இருக்கும், முதியோர்க்கும் ஏற்கும்.

செய்முறை அறிந்தால் மட்டும் போதாது, நேரம் வேண்டும். சென்னையில் கார்த்திகை மாதத்தில், நவம்பர் இறுதியில், மாலை 5.40 மணியளவிலேயே கதிரவன் மறைகிறான். ஆனி, ஆடியில் 6.40 மணி வரை நீள்கிறது. மறைவதற்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், முன்னரே உண்டு முடிப்பது உயர்ந்த நெறி. அக்கணக்கில் கார்த்திகையில் மாலை 4.50 மணிக்கும், ஆடியில் 5.50 மணிக்கும் கை கழுவிவிட வேண்டும். 2000ஆம் ஆண்டில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பின்னர் இப்பகுதி முழுவதும் கணினி நிறுவனங்களால் நிறைந்தது. நம் பிள்ளைகள் பலர் அங்கே பணியாற்றுகின்றனர். ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் வெளியே வருவோர் 4.50க்கு வீட்டில் எப்படி உண்பது?

வீட்டில் மூத்தோர் இருந்தால், பகல் ஒரு மணிக்கு ஊறவைத்து மூன்றரைக்கு அரைத்து, பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு நான்கரை மணிக்குச் சூடாக வார்த்துத் தரலாம். இருவரும் பணிக்குச் செல்லும் வீட்டில் காலை நேரத்தைப் பயன்படுத்த வேண்டும். கதிரவன் எழுந்தபின் ஊறவைக்கும் நீரைச் சற்றுச் சூடாக்கி ஊற்றினால் ஒன்றேகால் மணி நேரத்தில் ஊறிவிடும். ஆறேமுக்காலுக்கு ஊறவைத்தால் எட்டு மணிக்கு அரைத்து, எட்டரைக்குள் வார்த்துவிடலாம். வெறும் அடை ஆறினால் விறைத்துப்போகும். சுரைக்காய் சேர்ந்த அடை மாலை வரை மென்மையாக இருக்கும். நன்றாக ஆறிய பின்னரே டப்பாவில் அடுக்கவேண்டும். சூட்டோடு மூடினால் நீர் கோத்துக் கெட்டுவிடும். மாலை ஐந்து மணிக்கு மற்றவர்கள் தேநீர் அருந்தச் செல்லும்போது நீங்கள் அந்த இரண்டு அடையை உண்டால் விரதம் காக்கப்பட்டுவிடும். கார்த்திகையில் இரண்டு நாழிகைக் கணக்குப் பார்ப்போர் அரை மணி முன்னதாகவே உண்ணலாம். மேலதிகாரியின் அனுமதியோ ஊரார் ஒத்துழைப்போ இதற்கு வேண்டியதில்லை. காலையில் எழும் ஒருவரது உறுதி மட்டும் வேண்டும். அந்த ஒருவர் வீட்டுத் தலைவியாகவே எப்போதும் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சிராவகர், சிராவகி இருவர்க்கும் விரதங்கள் ஒன்றே. ஆகையால் தோசைத்திருப்பியும் இருவர்க்கும் பொதுவே.

மாவை அளவறிந்து அரையுங்கள். மிஞ்சிய மாவைக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் வார்ப்போமானால், புளிக்காத உணவு என்று இதுவரை கூறியதெல்லாம் வீணாகும். பத்து அடைக்கு அரைத்து ஐந்தாவது ஆள் வந்தால், ஆளுக்கு அரை அடை குறைவதில் நமக்கு இழப்பு ஒன்றும் இல்லை.

இறுதியாகப் பிள்ளைகளைப் பற்றி. பள்ளியில் தோழர்கள் மசால் தோசை உண்ணும்போது, எனக்கு ஏன் உருளைக்கிழங்கு கூடாது என்று குழந்தை கேட்கும். நம் குலத்தில் கூடாது என்று மட்டும் கூறி வாயை அடைத்துவிடாதீர்கள். அவ்விடை பத்து வயது வரைதான் செல்லுபடியாகும். காரணத்தைச் சொல்லுங்கள். கொடியிலிருந்து ஒரு சுரைக்காயைப் பறித்தால் கொடி வாழ்கிறது, மீண்டும் காய்க்கிறது. கிழங்கை எடுக்கச் செடியை வேரோடு பிடுங்கி, மண்ணைக் கிளறி, அதில் வாழும் சிற்றுயிர்களையும் கலைக்க வேண்டும். கிழங்கின் ஓர் உடலில் எண்ணற்ற உயிர்கள் உறைகின்றன என்பது நம் ஆகமம். பயன் சிறிது, கேடு பெரிது என்னும் அந்த ஓர் அளவுகோலைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டால், நாம் இல்லாத இடத்திலும் அது தானே அளந்து பார்த்துக்கொள்ளும். உண்கின்ற தோழனை இகழக் கூடாது என்பதையும் உடன் சொல்லிக் கொடுங்கள். பிறரைப் புண்படுத்திக் காக்கும் அகிம்சை அகிம்சை ஆகாது. தன் டப்பாவிலுள்ள அடையில் பாதியைத் தோழனுக்குக் கொடுக்கப் பழக்குங்கள். பல விளக்கவுரைகள் செய்யாததை அந்தப் பாதி அடை செய்துவிடும்.

இல்லறத்தார்க்கு வகுத்த விரதங்களுக்கு அணுவிரதம் என்று பெயர். அணு என்றால் சிறியது. நம்மால் இயலும் அளவில் தொடங்கலாம் என்னும் கருணை அப்பெயரிலேயே இருக்கிறது. நாள்தோறும் இரவுணவைத் தவிர்க்க இயலாதோர், மாதத்தில் வரும் இரண்டு அஷ்டமியையும் இரண்டு சதுர்த்தசியையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நான்கு நாளில் வீட்டில் உள்ள அனைவரும், அலுவலகத்தில் இருப்போர் உட்பட, வெளிச்சத்தில் உண்டு முடிப்பது என்று உறுதி கொள்ளுங்கள். ஓர் ஆண்டு கழிந்து அடுத்த தசலட்சணத்தில் கூடும்போது, நான்கு எட்டாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

அந்த முதல் நாளுக்கான அரிசியும் பருப்பும் இப்போதே உங்கள் வீட்டில் இருக்கின்றன. 

அறம் வளர்க. எல்லா உயிரும் இன்புற்று வாழ்க. ஜெய் ஜினேந்திரா.